இரு கடல்கள் கூடுமிடத்தில்

டென்மார்க் நாட்டின் வடகோடியில், விரல்நுனி போல ஒடுங்கி முடியும் மணல் நிலத்தில் ஸ்கேகன் என்ற மீன்பிடி நகரம் இருக்கின்றது. எழுத்தில்தான் ஸ்கேகன். இந்நாட்டவர் வாயில் நடுவெழுத்துக் கரைந்து 'ஸ்கேன்' ஆகிவிடும். ஆஸ்பத்திரியில் எடுக்கும் ஸ்கேன்தான் எனக்கு நினைவு வந்தது.

என்னை அங்கு அழைத்துச் சென்றவர், நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் தாதி. அறுபது வயதை நெருங்குபவர். பழகி இரண்டு மாதந்தான். டெனிஷ் மொழியில் இன்று எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான். தாய் வயதுள்ள ஒருவரை அப்படி அழைக்க என் நாக்கு இன்னும் கூசுகின்றது. ஹேர்னிங் பகுதியில் எம்மவர் குடும்பங்கள் பல உண்டு. எனினும் விடுமுறை நாளில் கதவைத் தட்டி "வா, கடலுக்குப் போவோம்" என்றவர் இவர்தான். கடல் என்றதும் நான் தயங்கியதை அவர் கவனித்திருக்க வேண்டும். காரணம் கேட்கவில்லை.

ஏப்ரல் மாதம். வெயில் எறித்தது, சூடுதான் இல்லை. காரில் மூன்று மணி நேரம்.

முதலில் மணலில் புதைந்த தேவாலயத்தைக் காட்டினார். புல்பூண்டுகள் அழிந்து காற்று மணலை வாரிக் கொட்டியதால், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மக்கள் வாசலைத் தோண்டித்தான் பூசைக்குப் போனார்களாம். 1795இல் அதனைக் கைவிட்டனர். மற்றப் பகுதியை இடித்துவிட்டு, கப்பல்களுக்கு அடையாளமாகக் கோபுரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். வெள்ளையடித்த அந்தக் கோபுரத்தின் முன் நின்றபோது எனக்கு வடமராட்சி கிழக்கின் மணற்காடுதான் தெரிந்தது. அங்கும் மணற்குன்றுகள் நடுவே பழைய அந்தோனியார் கோயிலின் இடிபாடு புதைந்து கிடக்கின்றது. அங்கு மணலைத் தடுக்கச் சவுக்கு. இங்கு ஒருவகைக் கடற்கரைப் புல்.

அடுத்து, அன்னா ஆங்கர் வாழ்ந்த வீடு. 1967 முதல் அது அருங்காட்சியகம். 1859இல் இவ்வூரிலேயே பிறந்த ஓவியர் இவர். அக்காலத்தில் கொப்பன்ஹேகன் கலைக் கல்லூரி பெண்களைச் சேர்ப்பதில்லை. எனவே தனியார் பள்ளியொன்றில் பயின்றார். திருமணமானதும் வண்ணப்பெட்டியைக் கடலில் எறிந்துவிடும்படி ஆசிரியர் புத்தி சொன்னார் என்று ஒரு கதை வழங்குகின்றது. அவர் எறியவில்லை. பிள்ளையையும் வளர்த்து, 1935இல் இறக்கும்வரை தூரிகையையும் வைத்திருந்தார். கணவர் மிக்கேல் ஆங்கர் புயலில் போராடும் மீனவர்களைப் பெரிதாக வரைந்தார். அன்னா வரைந்ததோ தையல் வேலை, சமையலறை, சுவரில் விழும் வெயில். அந்த வெயிலைத்தான் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். சமூகவியல் படித்தவளுக்கு, வீட்டு வேலையை ஒருவர் இத்தனை மரியாதையோடு பார்த்திருப்பது பெரிய விடயந்தான்.

பின்னேரம் கிரேனன் முனைக்கு நடந்தோம். 'கிளை' என்பது பொருள். ஸ்காகெராக், கட்டெகாட் என்ற இரு கடல்களின் அலைகள் இருபுறமிருந்தும் வந்து ஒன்றோடொன்று முட்டுகின்றன. நீரோட்டம் பொல்லாதது, குளிப்பதற்குத் தடை. ஆனால் ஒரு கடலுக்கு ஒரு காலாக வைத்து நிற்பது இங்கு வருவோரின் வழக்கம். சிநேகிதி சப்பாத்தைக் கழற்றி நின்று சிரித்தார். நான் பத்தடி தள்ளியே நின்றேன்.

"உங்கள் ஊர்க் கடல் எப்படி?" என்று கேட்டார்.

2004 டிசெம்பர் 26 பற்றி டெனிஷ் மொழியில் நான் ஒருபோதும் பேசியதில்லை. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. கரைவலை இழுக்கும் இடத்துக்கு மீன் வாங்கப் போன சின்னம்மா திரும்பி வரவில்லை. அதன்பிறகு நான் கடலில் கால் நனைத்ததில்லை. இதைச் சொல்ல என்னிடமிருந்த சொற்கள் மிகச் சில. 'தண்ணீர் வந்தது. சின்னம்மா போய்விட்டார்' என்றளவில் முடிந்தது.

அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. பிளாஸ்க்கிலிருந்து கோப்பி ஊற்றித் தந்தார். அது பிளேன்டீயை விடக் கசப்பு. குடித்து முடித்துச் சப்பாத்தைக் கழற்றினேன். குளிர் எலும்பில் ஊசியாக ஏறியது. பத்து வரை எண்ணிவிட்டு வெளியே வந்தேன். தன் பையிலிருந்து கம்பளிக் காலுறைகளை எடுத்துத் தந்தார். இரண்டு சோடி கொண்டு வந்திருந்தார்.

திரும்பி நடக்கையில் சின்னம்மாவின் பெயரைக் கேட்டார். அந்தப் பெயரில் ஒரு 'ழ' உண்டு. கார் நிறுத்திய இடம் வரும்வரை அதை உச்சரித்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.