லொக் ஃபைல் எங்க இருக்கு?

ஒரு சேர்வர் சரியா எழும்பாட்டி எங்கட ஆக்கள் முதல்ல செய்யிறது ரெண்டு வேலை. ஒண்டு ரீபூட் பண்ணுறது. மற்றது ஆர் செய்தது எண்டு கேக்கிறது. ரெண்டாலயும் ஒண்டும் தெரியவராது.

இப்போது சேர்வரை யாரும் பக்கத்தில் இருந்து இன்ஸ்டோல் பண்ணுவதில்லை. வேண்டியதை ஒரு ஸ்கிரிப்டில் எழுதிக் கொடுத்தால், கிளவுட்-இனிட் என்ற மென்பொருள் அதை ஓட்டும். சாதாரணமாக முதல் பூட்டில் மட்டும்தான் ஓட்டும். அதனாலதான் ரீபூட் பண்ணிப் பிரயோசனம் இல்லை.

எங்கட இடத்துக்குப் பயிற்சிக்கு வந்த தங்கச்சி ஒருத்தியின்ர சேர்வரில வெப்சைட் வரேல்லை. ஒருத்தரும் திறந்து பார்க்காமலே, "ஸ்கிரிப்ட் பிழை" எண்டு தீர்ப்புச் சொல்லியாச்சு. ரெண்டு நாளா அதையே எழுத்தெண்ணி வாசிச்சுக்கொண்டு இருந்தா.

"அண்ணா, எனக்கு இந்த வேலை சரிவராது போல."

"லொக் பாத்தனீங்களோ?"

"அது எங்க இருக்கு?"

அதை அவவுக்கு அதுவரை ஆருமே சொல்லிக் குடுக்கேல்லை.

லினக்ஸில் 'வார்' என்ற ஃபோல்டருக்குள் 'லொக்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதற்குள் ரெண்டு ஃபைல்களைப் பார்க்கவேண்டும். 'கிளவுட்-இனிட் டொட் லொக்', அந்த மென்பொருள் கடந்துவந்த கட்டங்களைச் சொல்லும். 'கிளவுட்-இனிட்-அவுட்புட் டொட் லொக்', எங்கள் ஸ்கிரிப்ட் ஓடும்போது வந்த செய்திகளை வைத்திருக்கும். அநேகமாக எங்களுக்கு வேண்டியது ரெண்டாவது.

அதின்ர கடைசி வரியில என்ஜின்எக்ஸ் இல்லை எண்டு கிடந்தது. அதோட நிண்டிருந்தால் பழி அவவிலதான். ஆனால் பாஷ், நாங்கள் நிற்கச் சொல்லாவிட்டால், ஒரு கட்டளை தோற்றாலும் அடுத்ததுக்குப் போய்விடும். ஆகவே கடைசிப் பிழையை விட்டு முதல் பிழையைத் தேடவேண்டும். மேல போனம். இன்ஸ்டோல் பண்ணத் தேவையான ஏபிடியின் பூட்டை வேறொரு புரோசஸ் பிடித்து வைத்திருந்தது. உபுண்டு தன்ர அப்டேட்டுகளைத் தானாகப் போட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில அவவின்ர ஸ்கிரிப்டும் போய்க் கதவைத் தட்டியிருக்கு. அவ எழுதின கட்டளையில எழுத்துப் பிழைகூட இல்லை.

பூட்டு விடுபடும்வரை காத்திருக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தா. புது சேர்வர் எழும்பிச்சுது.

புதுசா வாற ஆக்களுக்கு முதல் நாள் பாஸ்வேர்ட் குடுக்கேக்கையே இந்த ரெண்டு ஃபைலும் இருக்கிற இடத்தைச் சொல்லிக் குடுங்கோ. இல்லாட்டி சேர்வரில வந்த பிழையைத் தங்கட பிழை எண்டு நம்பி, கெட்டிக்காரப் பிள்ளையள் வேலையை விட்டிட்டுப் போயிடுவினம்.