தாராவிக்கு ஒரு டிக்கெட்

காட்பாடியில் பிறந்து வளர்ந்தவனுக்கு மூக்கு கொஞ்சம் மரத்துத்தான் போயிருக்கும். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு தோல் ஷாப்பின் வாடை ஜன்னல் வழியே ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். யார் கைக்குட்டையை எடுக்கிறார்களோ அவர்கள் வெளியூர் என்று கண்டுகொள்வோம்.

பம்பாய்த் தாராவியில் என்னைக் காட்டிக்கொடுத்ததும் இந்த மூக்குத்தான். உப்புப் போட்ட ஆட்டுத்தோல் அடுக்கியிருந்த ஒரு கிடங்கின் வாசலில் எங்கள் கும்பல் நின்றது. கும்பல் என்றால் வெள்ளைக்காரர்கள் நாலு பேர், புனாவிலிருந்து ஒரு தம்பதி, அப்புறம் நான். ஆறு கைக்குட்டைகள் எழுந்தன. நான் மட்டும் சும்மா நின்றேன். சுற்றிக் காட்ட வந்த பையன் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, அதுவரை பேசிய இங்கிலீஷை விட்டு, "சாருக்கு எந்த ஊர்?" என்றான் தமிழில்.

ஆம், டிக்கெட் வாங்கிக்கொண்டு சேரி பார்க்கப் போயிருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது புதுப் பழக்கமல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே லண்டன் சீமான்கள் வண்டி கட்டிக்கொண்டு கிழக்கு லண்டனின் ஏழைத் தெருக்களைப் பார்க்கப் போனார்கள். தாராவியில் இதை முறையாகத் தொடங்கியவர்கள் கிறிஸ் வே என்ற ஆங்கிலேயரும் கிருஷ்ணா பூஜாரி என்ற நம் நாட்டவரும். 2005-இல் 'ரியாலிட்டி டூர்ஸ்' என்று ஆரம்பித்தார்கள். படம் எடுக்கக் கூடாது என்பது அவர்கள் போட்ட விதி. லாபத்தில் பெரும் பங்கைத் தாராவிப் பிள்ளைகளின் படிப்பு முதலான காரியங்களுக்குத் திருப்பினார்கள். டில்லியில் சலாம் பாலக் டிரஸ்டில் இன்னொரு விதம்: தெருவில் வளர்ந்த பிள்ளைகளே பகார்கஞ்ச் சந்துகளைச் சுற்றிக் காட்டித் தங்கள் கதையைத் தாங்களே சொல்கிறார்கள். நான் போனது பெரிய கம்பெனி எதனோடும் அல்ல. தாராவியிலேயே பிறந்த திருநெல்வேலிப் பையன் ஒருவன், தன் தெருவைத் தானே காட்டிப் பிழைக்கிறவன்.

அவனுக்குச் சரித்திரம் தண்ணீர் பட்ட பாடு. கோலி மீனவர்கள், சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தோல் பதனிட வந்த தமிழ்நாட்டு முஸ்லிம்கள் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினான். 1971-இல் கசாப்புக்கூடம் பாந்த்ராவிலிருந்து தேவனாருக்குப் போனதையும், பின்னாலேயே தொட்டிகள் மெல்ல ஓய்ந்ததையும், 2015-இல் மகாராஷ்டிரத்தில் மாட்டிறைச்சிச் சட்டம் கடுமையானபோது மிச்சம் அடிபட்டதையும் சொன்னான். பிறகு ஓர் ஏணிப்படி வீட்டின் முன்னால் நின்று குரலைத் தாழ்த்தினான். இங்கே ஒரு தொழிலாளி இருந்தார். பஞ்சம் பிழைக்கப் பாலாற்றங்கரையிலிருந்து வந்தார். சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று கால் வெந்து போனார். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள்.

ஏணிக்கு அடியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த கிழவி என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். நானும் பையனும் பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும்.

"எந்த ஊரு நைனா நீ?"

"காட்பாடிங்க."

"அடேங்கப்பா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் ஊரைச் சொன்னாள். எங்களுக்கு அடுத்த ஊர் மாதிரிதான். பெயரைப் போடாதே என்று பிறகு கேட்டுக்கொண்டாள், போடவில்லை.

"அந்தப் பையன் எங்க வூட்டுக்காரரு கதையத்தான் தெனம் சொல்றான். எனக்கு இங்கிலீஷு வராது. ஆனா காலத் தொட்டுத் தொட்டுக் காட்டுறான் பாரு, அதுல தெரிஞ்சுக்குவேன். பஞ்சம் பொழைக்க வந்தோம்னு சொல்றானாமே? பஞ்சமாவது ஒண்ணாவது! எங்க அண்ணனுங்களுக்குப் பயந்து ராவோட ராவா ஓடியாந்தோம். ஒங்க காட்பாடியிலதான் ரயிலேறினோம். எமர்ஜென்சிக்கு மொத வருசம்."

சொல்லும்போது அந்த முகத்தில் வந்த நாணத்தை எழுத எனக்குத் தெம்பில்லை.

பையனிடம் கேட்டேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "தெரியும் சார். ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். சிரிச்சிட்டுப் போயிடறாங்க. கால் கதைக்குத்தான் நிக்கிறாங்க. பாட்டிக்கு மாசம் ஒரு தொகை குடுத்துடறேன், கேட்டுப் பாருங்க" என்றான்.

அவனை நான் என்ன சொல்ல? முப்பது வருஷங்களுக்கு முன் எங்கள் தெருவில் தோல் ஷாப்புக்குப் போய்வந்த ஒருவரை வைத்து நானே ஒரு கதை எழுதினேன். அவரைக் கேட்கவில்லை. பத்திரிகையில் வந்தது, நல்ல பெயரும் சன்மானமும் கிடைத்தன. யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். ஒரு நாள் சாயங்காலம் அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "என் காலைப் பத்தி எழுதியிருக்கீங்களாமே தம்பி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காராமல் போய்விட்டார். அவருக்குப் பாட்டு நன்றாக வரும் என்பது என் கதையில் இல்லை. பாலாற்றுத் தண்ணீருக்காகச் சுப்ரீம் கோர்ட் 1996-இல் பெரிய தீர்ப்புச் சொன்னபோது, அதைப் பற்றி அவரிடம் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டேயிருந்து, பேசாமலே விட்டேன்.

கிழவியின் கதவில் பெயிண்டால் ஒரு நம்பர் எழுதியிருந்தது. தாராவியை இடித்துக் கட்டும் வேலை 2022-இல் அதானி குழுமத்தின் கைக்குப் போன பிறகு, 2024 மார்ச்சில் தொடங்கிய கணக்கெடுப்பின் நம்பர். 2000-ஆம் வருஷத்துக்கு முன்பே இருந்ததற்குக் காகிதம் வேண்டும்; அதிலும் கீழ்த்தளத்துக்காரருக்குத்தான் அங்கேயே வீடு என்கிறார்கள். கிழவி குடியிருப்பது ஏணிக்கு மேலே.

"எப்ப வந்தே, எப்ப வந்தேன்னு அவுங்களும் கேக்குறாங்க. ஓடியாந்தவங்க கையில ரேஷன் கார்டா எடுத்துக்கிட்டு வருவாங்க? அப்புறம் எடுத்ததும் வெள்ளத்துல போச்சு" என்றாள்.

கும்பல் அடுத்த சந்தில் திரும்பிவிட்டது. பையன் குரல் கொடுத்தான். கிளம்பினவனைக் கிழவி நிறுத்தி, நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்சநேரம் கீரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதினா, ஓடியாந்தோம்னே எழுது" என்றாள். "ஊரு பேரு மட்டும் வாணாம். எங்க அண்ணன் புள்ளைங்க இன்னும் அங்கதான் இருக்குதுங்க."