போனுக்குள் தங்கிப்போன ஒரு தாள்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் வைஃபை பிரிண்டர் வைத்திருப்பவர்களும், பக்கத்து வீட்டுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பி பிரிண்ட் எடுப்பவர்களும் கடைசி வரை வாசியுங்கள். இதில் வரும் ராத்தா சம்மதித்த பிறகுதான் எழுதுகிறோம். அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறோம். யாரென்று கொமெண்டில் தேட வேண்டாம்.

2022ஆம் வருடத்தை ஆசிரியர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்த வருடம் அது. ஒரு பக்கம் போட்டோ கொப்பி எடுக்கப் பெற்றோரிடம் காசு கேட்பதற்கு எங்களுக்கு வாய் கூசியது. கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பிள்ளைகளைக் கொப்பியில் எழுதச் சொன்னோம். பாதிப் பாடவேளை அதிலேயே போய்விடும்.

எங்கள் வீட்டில் இரண்டு பேரும் ஆசிரியர்கள். நிலைமை கொஞ்சம் சீரானதும் இரண்டு சம்பளத்திலும் மிச்சம் பிடித்து மை ஊற்றிப் பாவிக்கும் பிரிண்டர் ஒன்று வாங்கினோம். லெப்டொப் எப்போதோ பழுதாகிவிட்டது. வீட்டில் இருந்தவை இரண்டு போன்களும், கொரோனா காலத்தில் ஒன்லைன் வகுப்புக்காக மகனுக்கு வாங்கிய ஒரு டப்பும்தான். அதனால் வைஃபை உள்ளதாகப் பார்த்து எடுத்தோம்.

முதல் வாரம் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். ரவுட்டரில் இரண்டு பெயர்கள் வருகின்றன அல்லவா, அதில் 5 என்று முடியும் பெயரோடு பிரிண்டரை இணைக்க இரண்டு நாள் முயன்றோம். அந்தப் பிரிண்டருக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டும்தான் தெரியும் என்று பிறகுதான் விளங்கியது. அதைச் சரிசெய்தால், வினாத்தாளின் கடைசி வரி வெட்டுப்பட்டு வந்தது. போனில் தாளின் அளவு 'லெட்டர்' என்று இருந்திருக்கிறது. லெட்டர் தாள் ஏ4 ஐ விட நீளத்தில் குறைந்தது. 'ஏ4' என்று மாற்றியதும் வரி முழுதாக வந்தது.

பிறகு எல்லாம் இலேசாகிவிட்டது. போனும் பிரிண்டரும் ஒரே ரவுட்டரில் இருந்தால் போதும். டேட்டா முடிந்திருந்தாலும் பிரிண்ட் வரும், ஏனென்றால் ஃபைல் வெளியே எங்கும் போவதில்லை. போனிலிருந்து ரவுட்டருக்கு, ரவுட்டரிலிருந்து பிரிண்டருக்கு, அவ்வளவுதான். ஐபோனில் 2010 இலிருந்தே இந்த வசதி இருக்கிறது. அண்ட்ரொய்ட் 8 தொடக்கம், பெரும்பாலான பிரிண்டர்களுக்குத் தனியாக அப் எதுவும் போடத் தேவையில்லை. ஃபைலைத் திறந்து 'பிரிண்ட்' என்று அழுத்தினால் வீட்டிலுள்ள பிரிண்டரைப் போனே கண்டுபிடித்துக்கொள்ளும்.

விஷயம் ஒழுங்கை முழுக்கப் பரவியது. முதலில் பிள்ளைகளின் மாதிரி வினாத்தாள்கள் வந்தன. பிறகு அஸ்வெசும படிவம், அடையாள அட்டைக் கொப்பி, கட்டாரிலிருந்து மகன் அனுப்பிய கடிதம் என்று ஒவ்வொன்றாக வந்தன. நாங்கள் காசு எடுப்பதில்லை. தாளைக் கொண்டு வந்தால் போதும் என்போம். எங்களுக்கும் அது சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்சம் பெருமையும் இருந்தது என்று ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஒருநாள் காலை, பாடசாலைக்கு வெளிக்கிடும் நேரம், அந்த ராத்தாவிடமிருந்து ஒரு பி.டி.எஃப். வந்தது. பின்னாலேயே ஒரு வொய்ஸ்.

"டீச்சர், இத மட்டும் ஒருக்கா அடிச்சி வைங்க. நான் வந்து எடுக்கன். மகளுக்கு ஓ எல் சோதினை முடியிற வரைக்கும் ஊட்டில யாருக்கும் தெரியாது. உங்களோட இருக்கட்டும்."

ஃபைலைத் திறந்தோம். மகரகமவுக்கு அனுப்பும் கிளினிக் கடிதம். நம் ஊர்களில் அந்த ஒரு சொல் போதும், மற்றதைச் சொல்லத் தேவையில்லை.

பிரிண்ட் என்று அழுத்தினோம். போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, தாள் வரவில்லை. நேரம் போகிறதே என்று இன்னொரு தடவை அழுத்தினோம். அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. பத்து நிமிடத்தில் வந்தது. பிரிண்டரைப் போட்டதும் ஒரு தாள் வெளியே வந்தது. அதை மடித்துக் கவரில் போட்டோம். பிரிண்டரை நிறுத்தினோம். வாசலில் வந்து நின்ற ராத்தாவின் கையில் கொடுத்தோம். வட்ஸ்அப்பில் வந்த ஃபைலையும் வொய்ஸையும் அழித்தோம். அமானிதத்தைக் காத்துவிட்டோம் என்ற நிம்மதியோடு பாடசாலைக்குப் போனோம்.

இரண்டு தடவை அழுத்தியிருந்தோம், ஒரு தாள்தான் வந்தது. அந்தக் கணக்கு எங்களுக்குத் தோன்றவே இல்லை. கணிதம் படிப்பிக்கிறவர்கள் நாங்கள்.

அன்று பின்னேரம் வீட்டு விறாந்தையில் பதினான்கு பிள்ளைகளுக்கு வகுப்பு. மகன் பிரிண்டரைப் போட்டு, டப்பிலிருந்து வினாத்தாள்களை அனுப்பினான். எங்கள் போன் மேசையில் கிடந்தது. காலையில் அழுத்திய இரண்டாவது தடவை அதற்குள் காத்துக்கொண்டு இருந்திருக்கிறது. பிரிண்டர் உயிர் பெற்றதும் போன் அதைத் தானாகவே அனுப்பிவிட்டது. வட்ஸ்அப்பில் அழித்தால் அது அழியாது. பிரிண்ட் என்று அழுத்தும்போதே போன் தனக்கென்று ஒரு பிரதியை எடுத்து வைத்துக்கொள்கிறது. வினாத்தாள் கட்டுக்கு நடுவில் அந்தக் கடிதமும் போய் உட்கார்ந்தது. மகன் எண்ணி எண்ணிப் பிள்ளைகளிடம் கொடுத்தான். ஒரு பிள்ளையின் பைக்குள் அது போய்விட்டது.

அன்று இரவு அந்தப் பிள்ளையின் உம்மா தாளைக் கண்டார். அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை. தாளை இரகசியமாகத் திருப்பிக் கொடுப்போம், சுகமும் விசாரிப்போம் என்று கொஞ்சம் கஞ்சியோடு ராத்தாவின் வீட்டுக்குப் போயிருக்கிறார். கதவைத் திறந்தது மகள். முன்னால் யார் நிற்கிறார் என்று பார்க்காமல், "உம்மாக்கு எப்படி புள்ள?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். இரக்கத்தோடு போனவரின் வாயால்தான் அந்தப் பிள்ளை அறிந்தது. சோதினைக்கு மூன்று வாரம் இருந்தது.

இஷாவுக்குப் பிறகு ராத்தா வந்தார். ஏசவில்லை. சத்தம் போடவில்லை. தாளை மேசையில் வைத்தார்.

"நீங்க ஆருக்கும் சொல்லலண்டு எனக்குத் தெரியும் டீச்சர். ஆனா என்ட புள்ள என்னப் பாக்கிற பார்வ மாறிப்போச்சி."

எங்களிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டோம். அவர் மன்னித்தும் விட்டார். ஏசியிருந்தால் பாரம் குறைந்திருக்கும் போல இருந்தது.

அன்றிரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. இனி யாருக்கும் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பதில்லை என்று முதலில் முடிவெடுத்தோம். அடுத்த நாள் யோசித்துப் பார்த்தால் அது சரியாகப் படவில்லை. நாங்கள் மறுத்தால் அந்த ராத்தா எங்கே போவார்? கொமியுனிகேஷன் கடைக்குத்தான் போக வேண்டும். அங்கே அவருடைய கடிதம் பத்துப் பேர் நிற்கும் கவுண்டருக்கு முன்னால் திரையில் விரியும். அந்தக் கொம்பியூட்டரில் எத்தனை நாள் கிடக்குமோ தெரியாது. கடைக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்கு அதையெல்லாம் பார்த்து அழிக்க நேரமில்லை. நம் ஒழுங்கைப் பெண்கள் எங்களிடம் வருவது காசு மிச்சம் பிடிக்க மட்டுமில்லை, மறைவுக்காகவும்தான். அதை இல்லாமல் செய்வது பரிகாரம் ஆகாது. ஒழுங்காகச் செய்யப் பழகுவதுதான் பரிகாரம்.

ஒரு மஜ்லிஸில் கேட்டதை வெளியே கொண்டுபோகக் கூடாது, அது அமானிதம் என்று குர்ஆன் மதரஸாவில் சின்ன வயதிலேயே ஓதிக்கொடுத்தார்கள். வாயைக் காக்க நாங்கள் பழகியிருந்தோம். கையில் இருக்கிற போனைக் காக்கப் பழகவில்லை.

இப்போது பிரிண்டருக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். உங்களுக்கும் உதவும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

1. பிரிண்டரைப் போட்டு, தாள் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் போனில் அழுத்த வேண்டும்.

2. தாள் வரவில்லை என்றால் மறுபடி அழுத்தக் கூடாது. அண்ட்ரொய்ட் போனில் மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள், காத்திருக்கும் பிரிண்ட் அங்கே தெரியும். செட்டிங்ஸில் 'பிரிண்டிங்' என்று தேடினாலும் பார்க்கலாம். ஐபோனில், திறந்திருக்கும் அப்களைப் பார்க்கும் இடத்தில் 'பிரிண்ட் சென்டர்' என்று வரும். வேண்டாததை அங்கேயே இரத்துச் செய்யுங்கள்.

3. பிரிண்டரை நிறுத்துவதற்கு முன், எத்தனை தடவை அழுத்தினோம், எத்தனை தாள் வந்தது என்று எண்ணுங்கள். கணக்குச் சரிவராவிட்டால் மிச்சம் எங்கேயோ இருக்கிறது.

4. மருத்துவக் கடிதம், வங்கிக் கடிதம், அடையாள அட்டை, பெண்பிள்ளைகளின் படம் போன்றவற்றை உரியவர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் எடுங்கள். வகுப்பு நடக்கும் நேரம், விருந்தாளிகள் இருக்கும் நேரம் வேண்டாம்.

5. வட்ஸ்அப்பில் அழித்தது போதாது. டவுன்லோட்ஸ், கெலரி இரண்டையும் பாருங்கள். வட்ஸ்அப்பில் வரும் படங்கள் தானாகவே கெலரியில் சேமிக்கப்படுவதை நிறுத்திவையுங்கள்.

6. உங்கள் வைஃபை பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறதோ அவரும் உங்கள் பிரிண்டருக்கு அனுப்பலாம். சில பிரிண்டர்கள் ரவுட்டர் இல்லாமலே நேரடியாக இணைவதற்குத் தமக்கென்று ஒரு வைஃபை பெயரையும் காட்டிக்கொண்டிருக்கும். தேவையில்லை என்றால் அதை நிறுத்துங்கள். தேவை என்றால் அதன் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

7. கடையில் எடுப்பவர்கள், வேலை முடிந்ததும் "காக்கா, அத அழிச்சிடுங்க" என்று சொல்லி, அழிக்கும்வரை நின்றுவிட்டு வாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்தப் பிள்ளை சோதினை எழுதினாள். எப்படி எழுதினாய் என்று கேட்கும் தைரியம் எங்களுக்கு வரவில்லை. பாதையில் கண்டால் ஸலாம் சொல்வாள், நாங்கள் பதில் சொல்வோம். அதற்கு மேல் பேச்சு ஓடாது.

சில மாதம் கழித்து ஒருநாள் அவளே வாசலில் வந்து நின்றாள். கையில் உம்மாவின் போன்.

"டீச்சர், உம்மாட அடுத்த கிளினிக் லெட்டர் வந்திரிக்கி. பிரிண்ட் எடுக்கணும்."

எங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லவில்லை. அவள் கையிலிருந்த போனையே எங்கள் வைஃபையில் இணைத்துக் கொடுத்தோம். அவளே அழுத்தினாள். ஒரு தாள் வந்தது. மேலிருந்து இழுத்து, வேறெதுவும் காத்திருக்கிறதா என்று அவளே பார்த்தாள். எதுவும் இல்லை. போகும்போது, "இப்ப நான்தான் உம்மாவோட போறன் டீச்சர்" என்றாள்.

இதை எழுதலாமா என்று ராத்தாவிடம் கேட்டபோது, "எழுதுங்க, இன்னொருத்தருக்கு நடக்கப்படா" என்றார். அதற்காகத்தான் எழுதினோம். இன்றைக்கு ஒருதடவை உங்கள் போனைத் திறந்து, யாருடைய தாளாவது அதற்குள் காத்துக்கொண்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

ராத்தாவின் ஷிஃபாவுக்காக துஆச் செய்யுங்கள். பெயர் தேவையில்லை, அல்லாஹ் அறிவான்.