காரணத்தோடு கேட்கப் பழகுதல்

கொரோனாவால் மூடப்பட்ட பள்ளிகள் ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. அதற்கு முந்தைய மாதங்களில், வேங்கிக்காலில் எங்கள் தெருவின் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கைப்பேசி வழியே தமிழ் கற்பித்தோம். கட்டுரை என்றாலே காணாமற் போயினர். ஆகவே மனு எழுதச் சொன்னோம். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் ஊரல்லவா! திங்கட்கிழமைதோறும் மனுவோடு செல்வோரைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

மூஸா நபி (அலை) தம் சகோதரர் ஹாரூனை அல்லாஹ்விடம் துணைக்குக் கேட்டபோது, அவர் தம்மைவிடத் தெளிவாகப் பேசக்கூடியவர் என்று காரணமும் சொன்னதை (அல்கஸஸ் 28:34) முதலில் விளக்கினோம். கேட்பது ஒரு வரி, ஏன் என்பது மூன்று வரி, அதுவே விதி.

தெருவிளக்கு வேண்டி எழுதிய சிறுமி, இருட்டில் பத்துப் பேர் விழுந்ததாக வாசித்தாள். மிகைப்படுத்தினால்தான் காரியம் நடக்கும் என்பதைப் பிள்ளைகள் எங்கிருந்தோ சீக்கிரமே கற்றுவிடுகிறார்கள். “நீ பார்த்தது எத்தனை பேரம்மா?” என்றோம். சற்று நேரம் பதில் இல்லை.

“எங்க நன்னிமா மட்டும்தான்.”

அவரை மட்டும் எழுதச் சொன்னோம். இஷாவுக்குப் பின் மருந்து வாங்கச் சென்ற நன்னிமா பள்ளத்தில் இடறியதும், கை வீங்கியதும் புதிய மனுவில் வந்தன. பத்துப் பேர் விழுந்தபோது பேசாதிருந்த பிள்ளைகள் இப்போது கேட்டனர்: கை சரியாயிற்றா? பக்கத்து விளக்கு எவ்வளவு தூரம்?

மறுநாள் எண்ணிப் பார்த்து, ஏழு வீடு என்று சேர்த்தாள்.