முழங்காலும் பழைய ஆட்டமும்

முன்களத்தில் ஆடுபவனின் உயர்வையும் தாழ்வையும் கணக்கிட்டுச் சொல்வது எளிது. சென்ற பருவத்தில் பத்துக் கோல்கள், இப்பருவத்தில் மூன்று என்றால், அவன் தளர்ந்துவிட்டான் என்று ஆட்டத்தைப் பாராதவரும் தீர்ப்புக் கூறலாம். பின்களத்தவனுக்கு அத்தகைய கணக்கு எதுவுமில்லை. அவன் நன்றாக ஆடிய நாளில் எதுவும் நிகழ்வதில்லை. எதிரணி வீரன் பந்தோடு வருகிறான். எங்கோ ஓரிடத்தில் வழி அடைபட்டு, வந்த திசைக்கே பந்தைத் திருப்பி அனுப்புகிறான். பார்ப்போர் அதை உடனே மறந்துவிடுகின்றனர். நிகழாமற் போனவற்றால் அளக்கப்பட வேண்டிய திறமை அவனுடையது. ஆகவே, காயமுற்ற பின்களத்தவன் ஒருவன் தன் பழைய ஆட்டத்தை மீண்டும் பெறுவானா என்று கேட்போர், அந்தப் பழைய ஆட்டம் எதுவாக இருந்தது என்பதையே முதலிற் கண்டறிய வேண்டியவராகின்றனர்.

பெல்மதுளையை அடுத்த இறப்பர்த் தோட்டமொன்றின் லயத்தில் இவ்வினா சில மாதங்களாகக் கேட்கப்பட்டு வருகிறது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக வரும் நெடுஞ்சாலை, பெல்மதுளைச் சந்தியில் எம்பிலிப்பிட்டியப் பக்கம் ஒரு கிளையை அனுப்பிவிட்டுப் பலாங்கொடையை நோக்கி ஏறுகிறது. இரத்தினக்கல்லுக்கும் இறப்பருக்கும் பேர்போன பகுதி இது. சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் தொடங்கும்போது சமன் தெய்வத்தின் திருவுருவம் மலைக்குப் புறப்படுவதும் இங்குள்ள கல்பொத்தாவல விகாரையிலிருந்துதான். உதைபந்தாட்டத்தால் மட்டும் இவ்வூர் பெயர் பெற்றதில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் கையிலெடுப்பது பெரும்பாலும் கிரிக்கெட் மட்டையையே.

அந்த லயத்து இளைஞன் பந்தை உதைக்கக் கற்ற இடத்தை மைதானம் என்பது உபசாரம். இறப்பர் மரங்களுக்கு நடுவே மண்வெட்டிச் சமப்படுத்திய ஒரு படிக்கட்டு நிலம் அது. ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் சரிவு. பந்து சரிவில் உருண்டால், அதை விட்டவனே இறங்கி எடுத்துவர வேண்டும் என்பது அங்கிருந்த ஒரே விதி. அட்டைக் கடிக்கு அஞ்சிய சிறுவன் பந்தைத் தனக்குப் பின்னால் போகவிடாதிருக்கப் பழகிக்கொண்டான். அவனுடைய முதற் பயிற்றுநர் அந்தச் சரிவே எனலாம். பின்னர் பாடசாலை அணியிலும், அதன் பின்னர் பல்கலைக்கழக அணியிலும் வலப் பின்களத்தில் நின்றபோது, பந்தைத் துரத்துவதிலும் அது செல்லப்போகும் இடத்தை முன்கூட்டி அடைப்பதிலும் அவனுக்கிருந்த வேகத்தை எல்லோரும் வியந்தனர். அந்த லயத்திலிருந்து பல்கலைக்கழக அணியின் சட்டையை அணிந்தவர் அவனுக்கு முன்னர் எவருமிலர். அந்தச் சட்டை கொடியில் உலர்ந்த நாளில் அயல் வீட்டார் வந்து தொட்டுப் பார்த்தனர்.

முழங்கால் முறிந்த விதத்தில் வீரகாவியம் எதுவுமில்லை. எவனும் அவன்மீது மோதவில்லை. பயிற்சியாட்டம் ஒன்றில், தன்னைக் கடந்து செல்ல முயன்ற ஒருவனை மறிக்கப் பின்னோக்கி ஓடியவன், வலக்காலை ஊன்றி உடலைத் திருப்பினான். உடல் திரும்பியது, பாதம் திரும்பவில்லை. தொடையெலும்பையும் கணைக்காலெலும்பையும் முழங்காலுக்குள் குறுக்காகப் பிணைத்து நிற்கும் முன் தசைநார், விளையாட்டு வீரர்கள் ஏ.சி.எல். என்று அச்சத்தோடு உச்சரிப்பது, அறுந்துவிட்டது. இக்காயங்களிற் பெரும்பாலானவை இவ்வாறே, பிறர் தீண்டாமலே, திரும்பும்போதோ தாவி இறங்கும்போதோ நேர்கின்றன. பின்னோக்கி ஓடுதல், சட்டெனத் திரும்புதல், ஒற்றைக் காலில் இறங்குதல் ஆகியவையே பின்களத்தவனின் அன்றாடத் தொழில் என்பதை நோக்குமிடத்து, அவனுக்கு இது எத்தகைய இழப்பு என்பது விளங்கும். கை விரலை இழந்த தையற்காரனோடுதான் அவனை ஒப்பிட முடியும்.

அறுந்த இத்தசைநார் பெரும்பாலும் தானாக ஒட்டிக்கொள்வதில்லை. சத்திரசிகிச்சையில் அதனைத் தைப்பதும் வழக்கமன்று. தொடையின் பின்புறத்திலிருந்தோ முழங்காற் சில்லுக்குக் கீழிருந்தோ நாண் ஒன்றை எடுத்து, எலும்பில் துளையிட்டு, அறுந்ததன் இடத்தில் பதிக்கிறார்கள். இங்கேதான் நோயாளியை ஏமாற்றும் ஒரு முரண் உள்ளது. பதித்த நாணுக்கு முதலில் இரத்த ஓட்டமே இராது. புதிய குருதிக் குழாய்களும் புதிய உயிரணுக்களும் அதற்குள் புகுந்து அதனைத் தசைநாராக மாற்றியமைக்க வேண்டும். அம்மாற்றம் நடைபெறும் தொடக்க மாதங்களில் அது பதித்த நாளிலிருந்ததைவிடவும் மெலிந்திருக்கும். வீக்கம் வற்றி, வலி நீங்கி, நோயாளி தன்னைக் குணமடைந்தவனாகக் கருதத் தொடங்குவதும் அதே மாதங்களில்தான். 2016இல் வெளியான ஓர் ஆய்வு, சத்திரசிகிச்சைக்குப் பின் ஒன்பதாம் மாதம்வரை ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மீண்டும் காயமுறும் வாய்ப்பை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கிறது என்று கண்டது.

பெல்மதுளை இளைஞன் இப்போது ஐந்தாம் மாதத்தில் இருக்கிறான். பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகள் அவனுடைய ஏழாம் மாதத்தில் வருகின்றன. அவன் இறுதியாண்டு மாணவன். அடுத்த முறை போட்டி வரும்போது அவன் மாணவனாக இருக்கமாட்டான். எந்தக் கழகமும் அவனுக்காகக் காத்திருக்கவில்லை. ஆகவே, பழைய ஆட்டம் திரும்புமா என்ற வினா அவனைப் பொறுத்தவரை நாட்காட்டியோடு பிணைந்த வினாவாகிவிட்டது.

இத்தகைய நிலையில் நண்பர்கள் எடுத்துக்காட்டுகளோடு வருவது இயல்பு. அவற்றுள் முதலாவது இத்தாலியரான பிராங்கோ பரேசி. 1994ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில், ஜூன் 23ஆம் நாள் நோர்வேயுடன் ஆடும்போது அவருடைய முழங்கால் காயமுற்றது. சத்திரசிகிச்சை செய்துகொண்டவர் 24 நாட்களில், ஜூலை 17ஆம் நாள், பிரேசிலுக்கு எதிரான இறுதியாட்டத்தில் அணித்தலைவராகக் களமிறங்கினார். அப்போது அவருக்கு வயது 34. ரொமாரியோவையும் பெபெட்டோவையும் 120 நிமிடங்கள் கோலின்றி நிறுத்திவைத்த அந்த ஆட்டம் பின்களக் கலையின் உச்சங்களில் ஒன்று. ஆயினும், அவருக்குக் கிழிந்தது மூட்டுக்குள் மெத்தையாக அமைந்த குருத்தெலும்பு. கிழிந்த துண்டை அகற்றிவிட்டால் அக்கால் உடலைத் தாங்கும். அறுந்த ஏ.சி.எல்.லுக்கு அந்தச் சலுகை கிடையாது. முழங்கால் என்ற ஒரே சொல்லால் இரு வேறு காயங்களையும் குறிப்பதால் விளைந்த மயக்கம் இது. இத்தகைய மயக்கங்கள் கன்டீனில் தேநீர் ஆறுமுன் பிறந்து பல முழங்கால்களைக் கெடுத்திருக்கின்றன. அந்த இறுதியாட்டத்தின் முடிவில், தசைப்பிடிப்பால் வருந்திய காலோடு தண்டனை உதையின் முதற் பந்தைப் பரேசியே கம்பத்துக்கு மேலாக உதைத்தார் என்பதையும் நண்பர்கள் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

நெருங்கிய எடுத்துக்காட்டு நெதர்லாந்து வீரர் வேர்ஜில் வான் டைக். லிவர்பூல் அணிக்காக ஆடிய அவருக்கு 2020 ஒக்ரோபர் 17ஆம் நாள், எவர்ட்டன் அணியின் பந்துக்காப்பாளர் மோதியதால் இதே தசைநார் சிதைந்தது. எஞ்சிய பருவம் முழுவதையும், அடுத்த கோடையின் ஐரோப்பியக் கிண்ணத்தையும் அவர் இழந்தார். 2021 ஓகஸ்டில், பத்து மாதங்களின் பின், போட்டிகளுக்குத் திரும்பினார். அந்த ஆண்டு அவருடைய அணி இங்கிலாந்தின் இரு கிண்ணங்களை வென்றது. 2022-23 பருவத்தில் அணி சரிந்தபோது, அவர் பழைய வான் டைக் அல்லர் என்று பலர் எழுதினர். 2025இல் அவரே தலைவராக நின்று சங்கச் சம்பியன் கிண்ணத்தை உயர்த்தினார். திரும்பி வருதல் ஒரே நாளில் நிகழ்வதன்று, ஆண்டுக்கணக்கில் ஏறியும் இறங்கியும் செல்வது என்பதே இதிலிருந்து பெறத்தக்கது. இந்தியாவின் சந்தேஷ் ஜிங்கன் 2019 ஒக்ரோபரில் தேசிய அணியின் பயிற்சியாட்டம் ஒன்றில் இவ்வாறே காயமுற்று ஒரு பருவத்தை முழுதாக இழந்தார்; மீண்டு வந்த 2020-21 பருவத்துக்கே இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். அவரும் அவசரப்பட்டவரல்லர்.

இவர்களுக்கு வாய்த்தவை பெல்மதுளையில் வாய்ப்பனவல்ல என்று ஒருவர் கூறலாம். அது உண்மையே. வான் டைக் ஒவ்வொரு நாளும் பயிற்றுநர்களின் கண்காணிப்பில் நீரிலும் நிலத்திலும் கால் பழகினார். பெல்மதுளை இளைஞன் விடுமுறை நாட்களில் இரத்தினபுரிக்கு பஸ் ஏறி, இயன்மருத்துவர் காட்டிய பயிற்சிகளைத் தாளில் எழுதிவந்து, லயத்து வாசற்படியில் செய்கிறான். பாரம் தூக்குவதற்குப் பதிலாக மணல் நிரப்பிய பழைய உரப்பை. ஆனால் படிகளுக்கு மட்டும் குறைவில்லை. தோட்டத்தில் எங்கு செல்வதற்கும் ஏறவோ இறங்கவோ வேண்டும். ஏறுவதைவிட இறங்குவதே முழங்காலுக்குக் கடினமான சோதனை. முதல் மாதங்களில் மூதாட்டிகள் கொழுந்துக் கூடையோடு அவனைக் கடந்து சென்றனர். நகரத்து உடற்பயிற்சிக் கூடங்களைக் காட்டி நம்பிக்கை இழப்பதற்கு இது போதிய காரணமாகத் தோன்றவில்லை. பயிற்சியைத் தவறாது செய்வதே முதற் தேவை. கருவிகள் அதற்குப் பின்னர்தான்.

கருவிகளாலும் தீராதது ஒன்றுண்டு. பல நாட்டு ஆய்வுகளை ஒருங்குதிரட்டி 2014இல் வெளியான மதிப்பீடொன்றின்படி, இச்சத்திரசிகிச்சை பெற்றோரில் ஏதேனும் ஒரு விளையாட்டுக்குத் திரும்பியோர் 81 வீதம். காயத்துக்கு முந்திய தரத்தை அடைந்தோர் 65 வீதம். போட்டி விளையாட்டுக்கு மீண்டோர் 55 வீதம் மட்டுமே. இடையில் தங்கிவிட்டவர்கள் எல்லோருக்கும் கால் குணமாகவில்லை என்பதன்று. கால் குணமான பலரை மீண்டும் காயமுறும் அச்சம் தடுத்து நிறுத்தியது. பின்களத்தவனிடத்தில் இந்த அச்சம் முன்களத்தவனிடத்திலும் பார்க்கக் கொடியது. முன்களத்தவன் தானே திரும்பும் கணத்தைத் தேர்ந்துகொள்கிறான். பின்களத்தவனோ எதிரி தேர்ந்த கணத்தில் திரும்பியாக வேண்டும். அரைக் கணம் தயங்கினால் எதிரி கடந்துவிடுவான். அண்மையில் மெல்லோட்டத்தின்போது இவன் வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடங்களிலெல்லாம் தன்னையறியாமல் இடப்பக்கமாகச் சுற்றிவந்ததை உடனோடியவர்கள் கண்டிருக்கிறார்கள்.

அயர்லாந்தின் போல் மக்ராத்தைப் பற்றி இங்கு சொல்லாதிருக்க முடியாது. முழங்கால்கள் சிதைந்து பல சத்திரசிகிச்சைகளுக்குள்ளான அவரை 1989இல் மன்செஸ்டர் யுனைட்டட் அணி விட்டுவிட்டது. அஸ்டன் வில்லா அணி அவரை ஏற்று, வாரநாட்களிற் பெரிதும் பயிற்சியின்றியே ஓய்வளித்து, போட்டி நாளில் மட்டும் ஆடவிட்டது. 1993இல் இங்கிலாந்தின் தொழில்முறை ஆட்டக்காரர்கள் தம் வாக்குகளால் அவரையே ஆண்டின் சிறந்த வீரராகத் தெரிந்தெடுத்தனர். 1994 உலகக் கிண்ணத்தில் இத்தாலியை அயர்லாந்து 1-0 என வென்ற ஆட்டத்தில் அவர் நின்ற நிலை இன்றும் பேசப்படுவது. அவர் தம் பழைய ஆட்டத்தைப் பெற்றாரா? இல்லை. பழைய மக்ராத் ஓடிச்சென்று பந்தைப் பறித்தவர். பிந்திய மக்ராத் பந்து வரும் இடத்தில் முன்னரே நின்றவர். ஓட முடியாமை அவருக்கு நிற்கக் கற்றுக்கொடுத்தது. அவர் வாழ்க்கையின் பிற துன்பங்களை அறிந்தோர் அவரை முன்மாதிரியாகக் காட்டத் தயங்குவர். எனினும், ஆட்டத்தைப் பொறுத்தமட்டில் அவரைவிடச் சிறந்த ஆசிரியர் காயமுற்ற பின்களத்தவனுக்கு இல்லை.

பெல்மதுளை இளைஞனின் ஆட்டத்திலும் இரு பொருள்கள் கலந்திருந்தன. ஒன்று கால்களின் வேகம். மற்றையது சரிவு கற்பித்த முன்னறிவு. பார்த்தோர் முதலாவதையே புகழ்ந்தனர், ஏனெனில் அதுவே கண்ணுக்குத் தெரிந்தது. வேகம் முழுமையாகத் திரும்பாது போகலாம். முன்னறிவுக்கு எந்தத் தசைநாரும் அறுபடவில்லை. ஓரக்களத்தில் பக்கவாட்டு வீரனோடு ஐம்பது முறை ஓடித் திரும்ப வேண்டிய வலப் பின்களத்தை விடுத்து, நடுப் பின்களத்துக்கு அவன் நகர்வானாயின், திரும்ப வேண்டிய தருணங்கள் குறையும்; நிற்க அறிந்தவனுக்கு அங்கு மதிப்பும் உண்டு. ஆனால், அதுவும் இந்தப் போட்டிக்கு அன்று. ஏழாம் மாதத்தில் களமிறங்குவது, எந்த நிலையில் ஆடினாலும், அறிவுடைய செயலன்று. ஒரு கிண்ணத்துக்காக நாற்பது வயதின் முழங்காலை ஈடுவைக்கச் சொல்லும் உரிமை எந்த அணிக்கும் இல்லை.

இதை அவனுடைய தந்தை ஏட்டறிவின்றியே கூறிவருகிறார். முப்பது ஆண்டுகளாகப் பால்வெட்டுபவர் அவர். வெட்டிய பட்டை மீண்டும் வளரும் என்பதும், வளர்ந்த பட்டையிலும் பால் வரும் என்பதும், பருவம் வருமுன் கத்தி வைத்தாலோ ஆழமாக வெட்டினாலோ மரம் முண்டு முண்டாகக் கெட்டுவிடும் என்பதும் அவருக்குக் கைப்பழக்கம். “பட்டை மேலுக்கு வளந்த மாதிரிதான் தெரியும் தம்பி, உள்ளுக்கு முத்தணும்” என்று மகனைத் தேடிவந்த அணித்தலைவனிடம் அவர் சொன்னார். மகன் எதுவும் சொல்லவில்லை. தந்தை விளையாட்டை அறியாதவர் என்ற எண்ணமும், அவர் சொல்வது சரி என்ற எண்ணமும் அவன் முகத்தில் ஒருங்கே தெரிந்தன.

காயமுற்ற கால், மற்றக் காலின் தாவும் தூரத்தில் 90 வீதத்தையேனும் எட்ட வேண்டும் என்பது இயன்மருத்துவர்கள் வழக்கமாகக் கைக்கொள்ளும் அளவு. மாதக்கணக்கான ஓய்வில் நல்ல காலும் மெலிந்துவிடுவதால் இவ்வளவுகூடச் சற்றுத் தாராளமானதே. கடந்த வாரம் லயத்து வாசலில் கரித்துண்டால் கோடிட்டு அளந்தார்கள். இடக்காலால் 160 சென்ரிமீற்றர், வலக்காலால் 128. தங்கை நாடாவைப் பிடித்திருந்தாள். மூன்றாம் முறையும் அதே அளவு வந்தபோது அவள் கோட்டை அழித்துவிட்டு வேறு கோடு போடலாமா என்று கேட்டாள். அணியின் பெயர்ப்பட்டியல் அனுப்ப இன்னும் மூன்று வாரங்கள் உள்ளன. தலைவன் அவன் பெயரை நடுப் பின்களத்துக்கு நேராகப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறான்.