தீப்பெட்டிக்குள் அடங்கிய வண்டி

உலோக வார்ப்புக் கார்களைச் சேர்ப்பது மேலா, பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிக் கார் செய்வது மேலா என்று விடுமுறைக்கு வீரசோழன் வந்த என் பேரர் இருவரும் வாதிட்டனர். நுங்கெடுத்த பனங்காய் இரண்டைக் குச்சியில் கோத்து, கவைக்கம்பால் தள்ளி வளர்ந்தவன் நான். ஆதலால் என் மனம் செய்பவன் பக்கமே சாய்ந்தது. துண்டுகளைச் சட்டத்தினின்று நறுக்கி, பிசிறு தேய்த்து, பசையால் விளிம்பை இளக்கி இணைக்கும் பொறுமை நல்ல பயிற்சியன்றோ! (பசையின் நெடிதான் எனக்கு ஆகவில்லை.)

எனினும், சேர்ப்போர் போற்றும் 'மேட்ச்பாக்ஸ்' கார்களின் பிறப்பும் கைவேலையே. 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஜாக் ஓடெல் என்பாரின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுப் பொருளுக்கே அனுமதி. அவர் சாலை உருளை வண்டியொன்றை அவ்வளவு சிறிதாகச் செய்து கொடுத்தார். தீப்பெட்டித் தொழிலால் பிழைக்கும் நம் விருதுநகர் மாவட்டத்தார்க்கு இது இனிக்கும்.

மூத்தவனின் எட்டுக் கார்களும், வளைகுடாவில் உழைக்கும் அவன் தந்தை விடுப்புதோறும் ஒவ்வொன்றாகக் கொணர்ந்தவை. ஒவ்வொன்றின் அடியிலும் தேதியெழுதிய சீட்டு ஒட்டியிருக்கிறான். சக்கரம் எவ்வாறு பொருந்தியுள்ளது எனக் கழற்றிப் பார்க்க இளையவன் ஒன்றைக் கேட்டான்.

"இது அப்பா ரெண்டாந்தடவை வந்தப்பக் குடுத்ததுடா. தரமாட்டேன்."

இளையவன் மறுபடி கேட்கவில்லை. மூத்தவன் எட்டையும் துடைத்து வரிசையாக அடுக்கினான். ஒன்பதாவது சித்திரையில் வரவேண்டும்.