பெயரிடப்படாத உயிர்கள்



அறிவியல் பாடத்தில் விலங்குகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழுகின்றது. "ஐயா, எல்லா விலங்குகளையும் கண்டுபிடித்து முடித்துவிட்டார்களா?"

இல்லை. இதுவரை அறிவியல் பெயர் பெற்ற உயிரினங்கள் ஏறத்தாழ 20 இலட்சம். பாக்டீரியா போன்றவற்றை விடுத்து, 87 இலட்சம் இனங்கள் இருக்கலாம் என 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பெயரிடப்படாதவையே மிகுதி!

அவை எங்கே உள்ளன என்று கேட்டால் மாணவர்கள் அமேசான் காட்டைச் சொல்வர், ஆழ்கடலைச் சொல்வர். நம் கோலா சுங்கை பாருவை எவரும் சொல்வதில்லை. ஆனால், 1854-ஆம் ஆண்டு ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்னும் ஆங்கிலேயர் உயிரினங்களைத் தேடி நம் மலாக்காவுக்குத்தான் வந்தார். ஏறத்தாழ இரண்டு மாதங்கள் தங்கினார். காடிங், ஆயர் பானாஸ் முதலிய இடங்களில் பறவைகளையும் பூச்சிகளையும் சேகரித்தார்; லேடாங் மலையிலும் ஏறினார்; காய்ச்சலிலும் துன்புற்றார். 1862 வரை இத்தீவுக்கூட்டங்களில் அலைந்து அவர் திரட்டியவை 1,25,000-க்கும் மேல். அவற்றுள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை அறிவியலுக்குப் புதியவை. நாம் நாள்தோறும் பேருந்தில் கடந்து செல்லும் ஊர்கள் அவருக்கு அதிசய உலகமாய் இருந்தன.

அந்தக் காலம் போய்விட்டது என எண்ண வேண்டாம். கேரளத்தில் ஏலக்காய் விளையும் இடுக்கி மாவட்டத்திலிருந்து ஊதா நிறத் தவளை ஒன்று 2003-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. பன்றி மூக்குப் போன்ற முகம். ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழித்து, மழைக்காலத்தில் சில நாள்கள் மட்டுமே இனப்பெருக்கத்திற்காக வெளிவரும். அதன் நெருங்கிய உறவினம் கடலுக்கு அப்பால் சீஷெல்ஸ் தீவுகளில் வாழ்கின்றது! அவ்வட்டார மக்கள் அத்தவளையை முன்பே அறிந்திருந்தனர். பிஜு, பொசுயட் என்னும் ஆய்வாளர்கள் அதனை ஆராய்ந்து பெயர் சூட்டினர்.

பெயர் சூட்டுவதால் என்ன பயன் என்று கேட்கலாம். ஈப்போவுக்கு அருகிலுள்ள கந்தான் சுண்ணாம்பு மலையைப் பாருங்கள். சிமெண்டுக்காக உடைக்கப்பட்டு வந்த அம்மலையில் வாழும் பல்லி இனம் ஒன்றுக்கு 2014-இல்தான் பெயர் கிடைத்தது. அதே ஆண்டில் அங்குள்ள சிறு நத்தை ஒன்றும் பெயர் பெற்றது. பெயர் கிடைத்த பின்னரே அவற்றைக் காக்க வேண்டும் என்று பேச வழி பிறந்தது. பெயர் பெறும் முன்னரே அழிந்த உயிருக்காக யார் குரல் கொடுப்பார்? அப்படியோர் உயிர் இருந்ததென்றே எவருக்கும் தெரியாதே.

பெற்றோர்களே! பிள்ளை ஒரு வண்டைக் கையில் ஏந்தி வந்தால், "சீ, தூக்கி எறி" என்று உடனே விரட்டாதீர்கள். எங்கே கண்டாய், எத்தனை கால்கள், எதைத் தின்கிறது என்று கேளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கித் தந்து, நாளும் இடமும் குறித்து வரையச் சொல்லுங்கள். வாலஸ் செய்ததும் ஏறக்குறைய அதுதான்.

ஆசிரியர்களே! ஒரு பாடவேளையாவது மாணவர்களைக் கழிமுகத்துச் சேற்றோரமும் செம்பனைத் தோட்டத்துக் கால்வாய் ஓரமும் அழைத்துச் செல்வோம். அங்குப் புதிய இனம் கிடைக்காமல் போகலாம். உற்றுநோக்கும் கண்கள் பத்துக் கிடைத்தாலும் நமக்கு இலாபமே.